எங்கள் நாய் நடந்த முப்பதாயிரம் ஸ்டெப்

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மலேசியாவில் ரந்தாவ் பக்கம் கோலா சாவாவில் நான் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்துக்குள்ளேயே எண்ணெய் ஆலை இருக்கிறது. குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதும் கிராணி நான். இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றையும் எடை போட்டிருக்கிறேன், என்னைத் தவிர. அதனால் ஐம்பத்து மூன்று வயதில் இனிப்பு நீர் வியாதி வந்துவிட்டது. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நானும் கிளினிக் வாசலிலிருந்து கார் வரைக்கும் நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆலையில் புது பாய்லர் பொருத்த சீனாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். முப்பது வயது இருக்கும், தனி ஆள். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் தங்க வைத்தார்கள். மலாய் தெரியாது, ஆங்கிலம் அரைகுறை. தமிழில் மட்டும் மூன்று வார்த்தையைச் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டார்: அண்ணே, காரம், போதும். மூன்றும் என் மனைவியின் சமையலைச் சாப்பிட்டுக் கற்றவை. மற்றதையெல்லாம் அவர் போன்தான் பேசும். அவர் சீனத்தில் சொன்னால், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல, "நான் மிகவும் பசியாக உள்ளேன், நன்றி" என்று தமிழில் சொல்லும். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசியது அந்தப் போன் ஒன்றுதான்.

அவருடைய ஊர்க் கதையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பாக வரும். பர்ஸ் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம். ரோட்டோரம் கீரை விற்கும் அம்மாகூட அட்டையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைத்தான் காட்டுவாராம், அதைப் போனில் ஸ்கேன் செய்து காசு கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். வீட்டுக் கதவு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி நம்பர், கரண்ட் பில் எல்லாம் போனில் ஒரே ஆப்புக்குள்ளே. அவர் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரு குரூப்பில் மீன் ஆர்டர் செய்வாராம், மீன் அடுக்குமாடி வாசலுக்கு வந்துவிடுமாம்.

"தம்பி, பேட்டரி போச்சுன்னா நீயும் போச்சு லா," என்றேன். போன் மொழிபெயர்த்தது. அவரும் சிரித்தார்.

அவர்தான் என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு விஷயம் உண்டு. நாள் முழுக்க நாம் எத்தனை ஸ்டெப் நடந்தோம் என்று அதுவே எண்ணி, நண்பர்களை வரிசைப்படுத்திக் காட்டும். நன்றாக நடந்தவருக்கு மற்றவர்கள் ஓர் இதயம் அனுப்பலாம். என் வரிசையில் மூன்றே பேர்: அவர், நான், அவர் அம்மா. ஒரு நாள் வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்டு, மகனோடு நடக்கும் நண்பர் என்று நினைத்து அந்த அம்மாவே என்னைச் சேர்த்துக்கொண்டார். தினமும் சாயந்திரம் எனக்கும் ஓர் இதயம் வரும்.

எனக்கோ ஒவ்வொரு நாளும் மூன்றாவது இடம். அறுபத்தெட்டு வயது அம்மாவிடம் தோற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் என் போனைப் பழைய காலுறைக்குள் போட்டு எங்கள் நாய் டைகர் கழுத்தில் கட்டிவிட்டேன். அன்றைக்கு நான்தான் முதலிடம். சீனாவிலிருந்து இதயம் வந்தது. மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தப் புத்திசாலித்தனம்தான் பின்னால் வினையாக வந்தது.

ஒரு வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். ரந்தாவ் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி, கொசுக் காய்ச்சல் என்றார்கள். தினமும் ரத்தம் பார்க்க வேண்டும், ஞாயிறு கிளினிக் கிடையாது, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

இன்ஜினியரின் கவலை வேறு: அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அவர் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான். மகன் வேலையில் இருப்பான் என்று அடிக்கடி கூப்பிட மாட்டார், ஸ்டெப்பைப் பார்த்துக்கொள்வார். எண் ஏறினால் பையன் நலம். வெள்ளிக்கிழமை எண் இருநூறில் நின்றதும் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டார். முழங்கால் வலி என்று இவர் சொல்ல, முழங்காலைக் காட்டு என்று அந்த அம்மா சொல்ல, பெரிய பாடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. ஆள் சோர்வாகத்தான் இருந்தார், ஆனாலும் சிரித்தார். சுகமாகிவிட்டது, ரத்தத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்த டாக்டர் நான்தான். அன்றைக்குச் சிரம்பான் டவுன் பக்கம் லோபாக்கில் என் மச்சான் மகளுக்குக் கல்யாணம் வேறு.

அவர் போனை என்னிடம் நீட்டினார். செய்தி வாசிக்கும் பெண் சொன்னாள்: "தயவுசெய்து என் கால்களை உங்கள் நாயிடம் ஒப்படையுங்கள்."

எனக்கு ஒரே குஷி. பன்னிரண்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று விரலால் காட்டிவிட்டு, காலுறையை எடுத்துவந்து கட்டினேன். டைகர் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் கிளம்பியது. கஞ்சியும் தண்ணீரும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் லோபாக் போனோம்.

பன்னிரண்டு மணிக்கு நான் பந்தியில் இருந்தேன். ஒரு மணிக்கும் பந்தியில்தான் இருந்தேன், பரிமாறியது தெரிந்தவர். கை கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால், அந்த அம்மாவிடமிருந்து நான்கு செய்தி. அழுத்திப் பிடித்தால் மலாயில் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் பதினொரு மணிவரை தூங்குவான். இன்று எட்டு மணிக்கு ஆறாயிரம். பதினொரு மணிக்குப் பதினெட்டாயிரம். அவன் போனை வைத்திருப்பது யார்? ஒன்பது முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நீங்கள் அவன் நண்பர், போய்ப் பாருங்கள்.

மனைவியிடம் காட்டினேன்.

"அந்தப் பையன் போன் எங்கங்க?"

"டைகர் கழுத்துல."

"ஐயோ! அதுதானே அவனுக்கு வாயி! ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரை எப்படிக் கூப்பிடுவான்? நம்ம நம்பரும் அதுக்குள்ளதானே கெடக்கு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி போனால் நீயும் போச்சு என்று கிண்டல் செய்தவன், பேட்டரியோடு போனையே கழற்றி நாய்க்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

லோபாக்கிலிருந்து தோட்டத்துக்கு அரை மணி நேரம். அன்றைக்கு எவ்வளவு நேரத்தில் வந்தேன் என்று சொன்னால் போலீஸ் சம்மன் அனுப்பும். வழி முழுக்க மனைவி திட்டிக்கொண்டே வந்தாள், நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே கிடந்தார். நாலு வீடு தாண்டி நடந்து வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, வழியில் எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஒரு கை கேட் கம்பியைப் பிடித்திருந்தது. சட்டையில் வாந்தி, ஈறில் ரத்தம், உடம்பு ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அண்ணே... போதும்."

தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அங்கே ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். "அங்கிள், இன்னும் லேட்டா வந்திருந்தா கஷ்டம் லா," என்றார். பாஸ்போர்ட் நம்பர் கேட்டார்கள், இன்சூரன்ஸ் கேட்டார்கள். எல்லாம் போனில் இருக்கிறது என்றேன். போன் எங்கே என்றார்கள். அந்த கவுண்டரில் நின்று உண்மையைச் சொன்னபோது எனக்கு வந்த வெட்கம், எதிரிக்கும் வரக்கூடாது.

பிறகு அந்த அம்மாவுக்கு என் போனிலிருந்து நானே வீடியோ கால் செய்தேன். வார்டு வாசலில் நின்று, மொழிபெயர்க்கும் ஆப்பை மனைவி போனில் போட்டுக்கொண்டு, டிங்கி, நாய், காலுறை, கல்யாணம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு பேசினார். செய்தி வாசிக்கும் பெண் சொன்னாள்:

"என் மகன் சோம்பேறி. இவ்வளவு நடக்க மாட்டான். எனக்குத் தெரியும்."

அடுத்து, "அவன் ஏதாவது சாப்பிட்டானா?"

இதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் போனை நான் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக நாலாயிரம் ஸ்டெப் நடந்திருந்தால், அவர் ஓர் இதயம் அனுப்பிவிட்டு மீன் ஆர்டர் செய்யப் போயிருப்பார். பையன் கேட்டுக்கு வெளியே கிடந்திருப்பான். டைகர் எதிலும் அளவு தெரியாத நாயாக இருந்ததால் பிழைத்தான். சாயந்திரம் காலுறை கிழிந்து தொங்க வீட்டுக்கு வந்தது. முப்பதாயிரத்துச் சொச்சம், முதலிடம்.

ஆறு நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பாய்லர் வேலையை முடித்துவிட்டு, பிப்ரவரியில் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஆப்பை நான் எடுக்கவில்லை. சாயந்திரம் ஆனால் இதயம் இப்போதும் வருகிறது. மழை பெய்து நான் சோம்பிக் கிடந்த ஒரு நாள் இதயத்துக்குப் பதில் கேள்வி வந்தது: இன்று ஏன் முந்நூறு? காய்ச்சலா?

ஒரு போனுக்குள் வாழ்க்கையையே வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தவன் நான். அந்தப் போன் வழியாக ஒரு தாய் தன் பிள்ளையைத் தூரத்திலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன் என்பதால், தூறல் விழுந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன், டைகரும் கூடவே வருகிறது, வெறும் கழுத்தோடு.