பொட்டு வைத்த சாமான்கள்

இந்த ஊரில் காருக்கென்று தனியாக ஒரு அறை கட்டுகிறார்கள். வீடு பார்க்கப் போனால் படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்று சொல்லிவிட்டு, கார் எத்தனை நிற்கும் என்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குக் கராஜ் என்று பெயர். அருப்புக்கோட்டையில் நாங்கள் ஏழு பேர் படுத்து எழுந்த வீட்டைவிட அது கொஞ்சம் பெரியது. ஆனால் மெல்போர்னில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்கள் கார் ஒரு நாள்கூட அதற்குள் நின்றதில்லை. கார் தெருவில் நனைந்துகொண்டு நின்றது. உள்ளே என் பழைய இரும்புகள் கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக இருந்தன.

நம் ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே கடுங்குளிர். விடியுமுன் காரின் முன்கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும். என் மனைவி புஷ்பம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வாளியில் வெந்நீரை விளாவி எடுத்துப்போய்க் கண்ணாடியில் ஊற்றி, பிளாஸ்டிக் அட்டையால் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அவள் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. "அந்தக் காயலான் கடையக் கொஞ்சம் ஒதுக்குனீகன்னா காரை உள்ள விட்டுக்கிருவேன்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். நானும் "இந்தச் சனிக்கிழமை பாத்துருவோம்" என்பேன். அப்படியே ஆறு குளிர்காலம் போயிற்று.

காயலான் கடை என்று அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் பிரிவில். இங்கே ஒரு மிஷின் கொஞ்சம் முனகினாலே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடுகிறார்கள். அப்படிக் கழித்ததையெல்லாம் மேலாளரிடம் கேட்டுக்கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செம்புக் கம்பியை எண்ணிக்கையோடு சுற்றித் தரும் காயில் மிஷின் ஒன்று, மேசையில் நிற்க வைக்கும் டிரில் ஒன்று, மாட்டிக்கொண்ட பேரிங்கை இழுத்து எடுக்கும் கருவிகள், பெட்டி நிறைய மீட்டர்கள், ஸ்பானர்கள். அவற்றுக்கு மேலும் கீழும், மூடியில்லாத பெயிண்ட் டப்பாக்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், கால் ஒடிந்த நாற்காலிகள். எதையாவது எறியலாம் என்று கையில் எடுத்தால், இது என்றைக்காவது உதவுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன்.

உதவும் என்றால் எங்கே? திருச்சுழி ரோட்டில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் கருப்பசாமியும் சேர்ந்து அந்தக் கொட்டகையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டோம். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிறகு என் தங்கை ராசாத்தியைக் கட்டி மாப்பிள்ளை ஆனான். மழை பொய்த்த வருஷங்கள் அவை. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக விவசாயிகள் மோட்டாரை விடாமல் ஓட்டுவார்கள். கரண்டோ அழுது வடியும். மோட்டார் புகைந்துவிடும். பரளச்சிப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வரும், மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸின் மேலே கட்டி வரும். கருகிய கம்பியைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். எல்லாமே கைச் சுற்று. ஒரு நாளைக்கு ஒரு மோட்டார் முடிந்தால் பெரிய விஷயம். கம்பி எண்ணி எண்ணித் தூக்கத்திலும் எண்ணுவோம். "ஒரு மிஷினு மட்டும் இருந்துச்சுன்னா விருதுநகர்க்காரன் நம்மகிட்ட வரணும் மச்சான்" என்பான் கருப்பசாமி. அந்த ஒரு மிஷினுக்காகத்தான் நான் முதலில் வளைகுடாவுக்குப் போனேன். அங்கிருந்து இங்கே. ரெண்டே வருஷம், மிஷினோடு வாரேன் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், இங்கே மட்டும் எட்டு வருஷம் முடித்திருந்தேன்.

அவன் காத்திருந்தான். விருதுநகரிலிருந்து ஒருவர் கூட்டுக்கு வருகிறேன் என்று கேட்டபோது, "எங்க மச்சான் வாராக" என்று சொல்லி அனுப்பிவிட்டான். கொட்டகையின் கிழக்கு மூலையில் மிஷினுக்கென்று மூன்றடிக்கு மூன்றடி சிமெண்டுத் தளம் போட்டு, அதில் ஒரு சாமானும் வைக்காமல் விட்டிருந்தான். ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பிறகு அந்த வேலையையும் கற்றுக்கொண்டு, இடமில்லாமல் மோட்டாரை ரோட்டில் போட்டுக் கட்டினானே தவிர அந்த மூலையைத் தொடவில்லை. ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் நான் ஒரு காரணம் சொல்வேன். கப்பலில் அனுப்ப வேண்டும், இன்னும் ஒரு சாமான் சேரட்டும். காரணம் தீர்ந்துபோனால், "ஒங்க அக்காவுக்கு இந்த ஊரு பிடிச்சிருச்சு மாப்ள, கெளம்ப மாட்டேங்கிறா" என்று புஷ்பத்தின் தலையில் கட்டிவிடுவேன். அவள் பக்கத்து அறையில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமையில் வந்தது. அதற்கு முந்தின வாரம் கவுன்சில் என்கிற நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வேண்டாத பெரிய சாமான்களை வீட்டு வாசலில் இருக்கும் புல்தரையில் வைத்துவிட்டால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரி வருவதற்குள் தெருவில் போகிறவர்கள் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வதும் உண்டு. யாரும் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. தெருவெங்கும் சோபாக்களும் கட்டில்களும் வாசலுக்கு வந்துவிட்டன. இனி எனக்குச் சாக்கு இல்லை. பூஜைக்குச் சுத்தம் செய்தே தீர வேண்டும், கழிவை அள்ள லாரியும் வருகிறது. காலையிலேயே இறங்கினோம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு திருகாணி விடாமல் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து பரப்பி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காய வைத்து, சந்தனம் தெளித்துக் குங்குமப் பொட்டு வைப்போம். பொட்டு வைத்த பிறகு அன்றைக்கு அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு வருஷம் பரளச்சிக்காரர் ஒருவர் மிளகாய்ச் செடி வாடுகிறது என்று பதறிக்கொண்டு புகைந்த மோட்டாரோடு வந்து நின்றார். கருப்பசாமி பொட்டு வைத்த ஸ்பானரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "நாளைக்கு வெள்ளன மொத வேலையா ஒங்களதுதாண்ணே" என்றான். அவரும் பொட்டைப் பார்த்தார். பொரியும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

இங்கேயும் அதே பழக்கம்தான் என்னை இழுத்தது. "பின்பக்கம் வச்சுத் தொடைங்களேன், ஏன் வாசலுக்குக் கொண்டு போறீக?" என்று புஷ்பம் கேட்டாள். "பட்டறைச் சாமான வாசல்லதான் வச்சுக் கும்பிடணும்" என்றேன். பழைய தள்ளுவண்டியில் வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். எனக்கு முதுகு இரண்டாக ஒடிந்தது. தொழிற்சாலையில் வாரம் முழுக்கக் குனிந்த முதுகு அது. வேண்டாதது ஒரு பக்கம், வேண்டியது ஒரு பக்கம் என்று புல்தரையில் இரண்டு குவியல். பெயிண்ட் டப்பா, நாற்காலி, சாவி எல்லாம் இடது பக்கம். காயில் மிஷின், டிரில், மீட்டர் பெட்டி, கருவிகள் வலது பக்கம். வலது பக்கத்தை ஒரு மணி நேரம் துடைத்தேன். புஷ்பம் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் நானே பொட்டு வைத்தேன். சந்தனம் வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டு, குளித்துப் பழம் தேங்காய் எடுத்துவர உள்ளே போனேன். குளித்துவிட்டு நாற்காலியில் சற்று சாய்ந்தேன். புஷ்பம் குளிக்கப் போயிருந்தாள். அப்படியே கண் அசந்துவிட்டது.

வெளியே சத்தம் கேட்டு எழுந்து வந்தபோது வாசலில் ஒரு கார். அதன் பின்னால் கோத்த டிரெய்லரில் என் காயில் மிஷின் ஏறிவிட்டிருந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர் மீட்டர் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். புல்தரையில் இடது குவியல் அப்படியே இருந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை.

என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "கதவைத் தட்டினேன், யாரும் வரவில்லை. சிவப்புப் புள்ளி வைத்ததை மட்டும்தான் எடுத்தேன். புள்ளி வைக்காததை நான் தொடவே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "எது போக வேண்டியது என்று இவ்வளவு ஒழுங்காக அடையாளம் வைத்தவரை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திருடவில்லை. நம்மைவிடக் கவனமாகப் பொட்டை மதித்திருக்கிறார். இறக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிப்புக் கேட்டு அவரே இறக்கி வைத்திருப்பார். அந்த வார்த்தை என் வாயில்தான் இருந்தது. "எங்கே கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டேன். மகன் வடமேற்கே வறண்ட காட்டில் கோதுமை போடுகிறானாம், அங்கே பம்பு மோட்டார் அடிக்கடி எரிந்துவிடுகிறதாம், பழுது பார்க்க ஒரு கொட்டகை போட்டிருக்கிறானாம். அதைக் கேட்டு மனம் இளகித்தான் கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது நிஜமில்லை. நான் களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். இதையெல்லாம் மறுபடி உள்ளே ஏற்றி, மறுபடி போனில் ஒரு காரணம் சொல்லி, மறுபடி ஒரு குளிர்காலம். என்னால் முடியவில்லை.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. அவர் கயிறு கட்டிய விதம் சரியில்லை, திருப்பத்தில் மிஷின் சரியும். நானே அவிழ்த்து, விருதுநகர் லோடு லாரிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

தட்டில் பொரியோடு வந்த புஷ்பம் புல்தரையின் வலது பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்தாள்.

"பாத்துக்கிட்டு நின்னீகளா?"

"நாந்தான் கயிறு கட்டிவிட்டேன்."

"காரை உள்ள விடணும்னுதான நான் கேட்டேன்? ஊருக்குப் போக வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? எட்டு வருசமா நீங்க கெளம்புவீக, நானும் கெளம்பணும்னு ஒரு நல்ல பாத்திரம்கூட இங்க வாங்கல."

அது உண்மை. எங்கள் அடுப்படியில் இன்னமும் வந்த வாரம் வாங்கிய மூன்று சட்டிகள்தான். அதை நான் அன்றுதான் கவனித்தேன். ஊருக்குப் போக விடாமல் என்னைப் பிடித்துவைத்திருப்பது அவள் என்று சொல்லிச் சொல்லி, அதை நானே நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது. இனியும் கருப்பசாமியிடம் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது முற்பகல். கொட்டகைக்கு அடுத்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் போய்க் கூட்டிவந்தார்.

"மச்சான், நல்ல நேரத்துல கூப்பிட்டீக" என்றான் கருப்பசாமி. மூச்சு வாங்கியது. "இப்பத்தான் பூசணிக்கா ஒடச்சோம். கொட்டகையக் கழுவி விட்டாச்சு. ராசாத்தி என்ன பண்ணியிருக்கா தெரியுமா? ஒங்க மிஷினு வரப்போற எடத்துல மாக்கோலம் போட்டு, தரைக்கே சந்தனம் தெளிச்சுப் பொட்டு வச்சிருக்கா. எங்கண்ணன் வார எடம்னு."

நான் ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டேன்.

"மாப்ள, மிஷினு இல்ல. குடுத்துட்டேன். மிஷினு, டிரில்லு, மீட்டரு எல்லாம் போயிருச்சு. அக்காமேல ஒரு தப்பும் இல்ல. அவ கெளம்ப மாட்டேன்னு சொன்னதே இல்ல. நாந்தான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பூத்தில் யாரோ நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷினு கெடக்கு மச்சான்" என்றான் கடைசியில். "அது இங்கனயே கோயமுத்தூர்ல வாங்கிக்கிறலாம். நாலு வருசமாவே வாங்கிக்கிறலாம். நீங்க ஆசப்பட்டுச் சேக்குறீகன்னுதான் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க வாரீகளா, அத மட்டும் சொல்லுங்க. வரலைன்னா அந்த மூலைல ஒரு மேசையப் போட்டுக்கிருவேன். மோட்டார ரோட்டுல போட்டுக் கட்ட முடியல, வயசாகுது."

எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. வருகிறேன் என்றால் எட்டு வருஷப் பொய்யோடு ஒன்பதாவது. வரவில்லை என்றால், அதைச் சொல்லும் தைரியமும் இல்லை.

"இப்பச் சொல்ல வேணாம்" என்று அவனே சொன்னான். "இன்னைக்குப் பொட்டு வச்ச எடத்துல யாரும் கை வைக்க முடியாதுல்ல. நாளைக்குக் காலைல கூப்பிட்டுச் சொல்லுங்க. மேசைய நாளைக்குப் போட்டுக்கிறலாம்."

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். புஷ்பம் அதைக் கழுவிவிட்டிருந்தாள். ஈரத் தரை நடுவில் செருப்பில்லாமல் நின்றேன். புஷ்பம் ஆறு குளிர்காலமாகக் கேட்ட இடம் அங்கே காலியாக இருந்தது. திருச்சுழி ரோட்டில் என் தங்கையும் மாப்பிள்ளையும், நான் நிற்க வேண்டிய மூன்றடித் தரையை மிதித்துவிடாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். விடிவதற்குள் இந்த இடம், அந்த இடம் இரண்டில் ஒன்றை நான் விட்டாக வேண்டும்.