முகம் பார்க்காத சினை

எங்கள் அறையில் அவருக்குப் பெயர் செவுள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. மேலாளர் கையெழுத்துக்குக் கூப்பிடும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மீன் என்று எதைக் கண்டாலும் முதலில் கன்னத்து மூடியைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? டப்பாவில் அடைத்த மீனைக் கையில் கொடுத்தாலும், "இதுக்குச் செவுள் எங்கய்யா?" என்று கேட்கிற ஆள்.

வேலை டைல்ஸ் பதிப்பது. முட்டி இரண்டும் காய்த்துப் போய், உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். நான் அதே கம்பெனியின் வேன் ஓட்டுநர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். குளியலறையை அடைத்துக்கொள்வார், என் சோப்பை எடுப்பார், நான் சமைத்தால் குறை சொல்வார். ஆனால் அவர் குழம்பு வைத்த நாளில் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். நாக்குக்கு மானம் கிடையாது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான்தான் அவரைப் பெரிய கடைக்கு மீன் வாங்க அழைத்துப் போனேன். பனிக்கட்டி மேல் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த மீன் ஒன்றுகூட இல்லை. ஒன்று சங்கரா மாதிரி சிவப்பாக இருந்தது, வாயைப் பார்த்தால் வேறு. ஒன்றுக்கு உடம்பு பாறை மீன் மாதிரி, வால் வேறு. பாதி மீன்களுக்குத் தலையும் இல்லை, தோலும் இல்லை. வெள்ளைத் துண்டுகளாகக் கிடந்தன. "முகத்தைப் பார்க்காம எப்படிய்யா வாங்கறது?" என்று சொல்லிக்கொண்டே தலையுள்ள ஒன்றின் செவுளைத் தூக்கிவிட்டார். கையுறை போட்ட கடைக்காரர் கத்தினார். அதோடு நிற்காமல், இவர் தொட்ட மீனை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார்.

"தொட்டுப் பார்க்காம வாங்கணுமாம். அப்ப கண்ணாடிப் பெட்டியில வச்சு மாலை போட வேண்டியதுதானே!"

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. கடலோரத்தில் ஒரு நீளமான சிமெண்ட் மேடை உண்டு. விடுமுறை நாளில் உள்ளூர்க்காரர்கள் தூண்டில் போட வருவார்கள். மீன் கழுவ அங்கேயே குழாயோடு ஒரு இரும்பு மேசை. அவர்கள் பெரிய மீன் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, சிறியதையும் முள் அதிகமானதையும் அப்படியே விட்டுவிட்டுப் போவதை இவர் நாலைந்து வாரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு பையோடு போக ஆரம்பித்தார். "முள்ளுக்குப் பயந்த ஜனங்கய்யா. நல்லதையெல்லாம் நமக்குன்னு விட்டுட்டுப் போறாங்க," என்பார்.

அவசரக் குடுக்கை இல்லை. புதிதாக ஒரு மீன் கிடைத்தால் முதலில் அவர் மட்டும் ஒரு துண்டு பொரித்துச் சாப்பிடுவார். ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த வாரம் எங்களுக்கு. டைல்ஸில் கோடு போடுகிற பென்சிலால் அந்த மீனை ஒரு தாளில் வரைந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவார். உள்ளூர்ப் பெயர் அவர் வாயில் நுழையாததால் அவரே பெயர் வைத்தார். வாய் கோணிய, முள் நிறைந்த மீனுக்கு மேனேஜர். மீசை தொங்கியதற்குச் சித்தப்பா. மூன்று வருடத்தில் பத்தொன்பது மீன்கள் அந்தக் கதவில் ஏறிவிட்டன. ஒன்றில்கூட அவர் கணிப்பு தப்பவில்லை. பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் போனில் மீன் படம் அனுப்பி, "இதைத் தின்னலாமா அண்ணே?" என்று கேட்பார்கள். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணையில் பதில் சொல்வார். அந்த மிதப்பு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு அவருடைய தங்கை வீட்டுக்காரர் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். பெயிண்டர். இவர்தான் கம்பெனியில் சொல்லி வரவழைத்தார். தங்கைக்குத் துளியும் விருப்பம் இல்லை. நான்கு மாதக் கர்ப்பம் வேறு. "என் கண்ணு முன்னாடிதான் இருப்பாரு. முழுசா உன் கையில கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்," என்று இவர் போனில் சத்தியம் செய்ததை நானே கேட்டேன். சொன்னபடி நடந்தும் கொண்டார். மாப்பிள்ளை சாரத்தில் ஏறினால் கீழே நின்று இடுப்புக் கயிறு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். தன் வேலையை விட்டுவிட்டு நிற்பதற்காக மேலாளரிடம் திட்டும் வாங்குவார். சாப்பாட்டில் கேட்கவே வேண்டாம். நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு, தலை அவருக்கு, வால் எனக்கு. இரண்டு வருடம் நான் வால்தான் தின்றேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். அதிர்ந்து பேச மாட்டார். ஊரில் பிறந்த மகளைப் போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். அவருக்கு முதல் விடுப்பு கிடைத்தது. வியாழக்கிழமை டிக்கெட். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை செவுள் என்னை எழுப்பினார். "யோவ் டிரைவரே, வேனை எடு. மாப்ள ஊருக்குப் போறதுக்குள்ள நல்லதா ஒண்ணு ஆக்கிப் போடணும்."

மேடையில் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. காற்று அதிகம், தூண்டில்காரர்களும் குறைவு. பதினொரு மணிவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பும்போது இரும்பு மேசைக்குக் கீழே ஒரு வாளி கிடந்தது. யாரோ மீன் அறுத்து, தலையைக் கடலில் எறிந்து, சதையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வாளியில் குடலுக்கு நடுவே இரண்டு சினைகள், உள்ளங்கை நீளத்தில், வெளிர் மஞ்சளாக, உடையாமல் இருந்தன.

"இங்க பாருய்யா! இதைப் போய் வீசிட்டுப் போயிருக்கானுங்க."

"என்ன மீனோ?" என்றேன்.

"சினைக்கு என்னய்யா முகமா பார்க்கணும்? சினை சினைதான்." முகர்ந்து பார்த்தார். "இப்பதான் அறுத்திருக்காங்க. வாடையே இல்ல."

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்கு அதில் பாதி கிடைக்கும் என்ற கணக்கில் வாளியைச் சாய்த்துப் பிடித்ததே நான்தான்.

மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, மசாலா தடவி, தோல் கிழியாமல் சின்னத் தீயில் திருப்பித் திருப்பிப் பொரித்தார். எங்கள் இருவருக்கும் பருப்புக் குழம்பு. இரண்டு சினையையும் மாப்பிள்ளையின் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை ஒரு துண்டைப் பிட்டு என் பக்கம் நீட்டினார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க மாப்ள. அங்க போய் இறங்கறப்ப முகத்துல தெம்பு தெரியணும். இவருக்கு இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"நீங்களாவது ஒரு வாய் வைங்க மச்சான்."

"எனக்கு வேணாம். நான் தின்னாத சினையா?"

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. வேனை ஓட்டியது நான், பெட்ரோல் என்னுடையது, விடுமுறை என்னுடையது, தட்டில் பருப்பு. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். மாப்பிள்ளை இரண்டையும் சாப்பிட்டு முடித்தார். மிச்சம் வைத்தால் மச்சான் மனம் நோகும் என்று சாப்பிட்டிருக்க வேண்டும்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். "அண்ணே, உதடு மரத்த மாதிரி இருக்கு," என்றார் என்னிடம்.

"ரெண்டையும் ஒத்தை ஆளாத் தின்னா மரக்காம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பிறகு வாந்தி எடுத்தார். சட்டையை மாற்றும்போது விரல் பொத்தானைப் பிடிக்கவில்லை. செவுள் பதறிப்போய் வேனை எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டியைக் கேட்காமல் எடுக்க முடியாது, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்றேன். காலையில் கடலுக்கு எடுத்துப் போனபோது எனக்கு அந்த விதி ஞாபகம் வரவில்லை. அப்படி வீணான நாற்பது நிமிடம் என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் நான் கட்ட முடியாது.

கால் இரண்டும் துவண்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேனில் மச்சான் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. நாங்கள் பேசுவது கேட்கிறது என்று அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. வாய் மட்டும் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு சிக்னல் இருக்கும்போது மூச்சு நின்றது. செவுள் அவருடைய வாயில் ஊதிக்கொண்டே வந்தார்.

மூச்சுக் கருவி மாட்டினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, என்ன மீன் என்று கேட்டார். அந்த அம்மா கணினியில் படம் படமாகக் காட்டினார். பத்தொன்பது மீனைக் கதவில் வரைந்து ஒட்டிய மனிதர், ஒவ்வொரு படத்துக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினார். "முகத்தைப் பார்க்கலம்மா. சினை மட்டும்தான் பார்த்தேன்," என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவுக்குப் புரியாது என்பதுகூட இவருக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் மேடைக்கு ஓடினோம். வாளியை யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காய்த்த முட்டியை மடக்கி மேசைக்கடியில் ஊர்ந்து, ஒரு செதிலாவது கிடக்கிறதா என்று கையால் துழாவினார். ஒன்றும் இல்லை. தூண்டிலோடு நின்ற ஒருவருக்கு எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அது மாட்டினால் தலையை நறுக்கிக் கடலில் போட்டுவிட்டு, சதையைத் தூண்டிலில் கோக்க எடுத்துக்கொள்வார்களாம். யாரும் சாப்பிட மாட்டார்களாம்.

உருண்டை உடம்பு, எலி மாதிரிப் பல், உப்பிய வயிறு. பேத்தை, விஷ மீன். எங்கள் கடலிலும் உண்டு. வலையில் வந்தால் சின்னப் பிள்ளைகள்கூடக் காலால் தள்ளிவிட்டுப் போகும்.

"இவனை எனக்குத் தெரியும்யா," என்றார் செவுள். "இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே முகம் இவன்தான்யா. தலையைப் பார்த்திருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்." அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

புதன்கிழமை மாப்பிள்ளை போய்விட்டார். மூச்சு நின்றிருந்த நேரத்திலேயே மூளை போய்விட்டது, கருவிதான் மூன்று நாள் ஓட்டியது என்றார்கள். சாப்பாட்டில் விஷம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். உடலை ஊருக்கு அனுப்பக் கம்பெனி ஏற்பாடு செய்தது. கூட ஒருவர் போகலாம் என்றது. செவுள் தன் பெயரைக் கொடுத்தார்.

சவப்பெட்டி கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை தங்கை போன் செய்தார். நான்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன். வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது.

"அண்ணே, அவரு கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"மீன் சினைம்மா."

"நீ ஆக்கினதா?"

"ஆமாம்மா."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா. நான் சாப்பிடல. முழுசா மாப்ளைக்குத்தான் வச்சேன்."

அந்தப் பக்கம் அழுகை நின்றுவிட்டது. குழந்தை ஏதோ கேட்டது. அதை யாரிடமோ தூக்கிக் கொடுக்கும் சத்தம் வந்தது.

"புது மீனு எதுன்னாலும் நீதான் முதல்ல தின்னு பார்ப்பியாம். மறுநாள்தான் மத்தவங்களுக்குத் தருவியாம். அவரு பெருமையாச் சொல்லுவாரு. இதை மட்டும் ஏன்ணே தின்னு பார்க்கல?"

 நான் போனைப் பாய்ந்து எடுத்தேன்.

"அம்மா, நான் ரூம்ல கூட இருக்கறவன். அண்ணனைத் தப்பா நினைக்காதீங்க. பாசத்துலதாம்மா வச்சாரு. எனக்குத் தர வந்ததைக்கூடத் தடுத்துட்டு அவருக்கே குடுத்தாரு."

"அப்ப நீங்களும் சாப்பிடலையா அண்ணா?"

"இல்லம்மா."

"வேற யாரு சாப்பிட்டாங்க?"

"யாரும் சாப்பிடலம்மா," என்றேன். சொல்லும்போதே, தெரிந்தே அவருக்கு மட்டும் வைத்த மாதிரி அது என் காதுக்கே கேட்டது. திருப்பி விழுங்க வழியில்லை.



"பெட்டி மட்டும் வந்தாப் போதும்ணா. அவரை வர வேணாம்னு சொல்லிடுங்க."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. நான் தனியாக எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.