பாதி வழியில் இறங்குகிறவர்களுக்கு

கப்பலில் சுற்றுலா போகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? தலைசுற்றலுக்கு மாத்திரை வைத்துக்கொள், சாப்பாட்டுக் கூடத்தில் குளிரும், சால்வை எடுத்துப் போ, புதுச் செருப்போடு கரையில் இறங்காதே என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். பாதி வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அப்படி நினைக்கிறவள் ஆயிரத்தில் ஒருத்தி இருந்தால் அதிகம். நான் சொல்லப்போவது அந்த ஒருத்தியைப் பற்றித்தான்.

வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. "வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று ஊர் முழுக்கப் பொய் சொல்லி, அந்தச் சம்பளத்தில் ஒரே பிள்ளையைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை கடல் தாண்டி வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு குழந்தைகளுக்கு அப்பனும் ஆனான். இவள் மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாளெல்லாம் சுவரோடு பேசுவாள். சுவர் குறுக்கே பேசாது, அந்த மட்டில் நிம்மதி.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் பிள்ளை போனில் வழக்கத்துக்கு மாறாக நாலு வாக்கியம் பேசினான். "அம்மா, உனக்குக் கப்பல்ல டிக்கெட் போட்டிருக்கேன். நாலஞ்சு ஊர் சுத்திக் காட்டுவாங்க. நடுவுல எங்க ஊர்த் துறைமுகத்துலயும் நிக்கும். அன்னைக்கு லீவு போட்டுடறேன், நாள் முழுக்க உன்கூடத்தான்."

அவன் சொன்னது ஒரு நாள். அவள் எடுத்துக்கொண்டது மிச்சமிருக்கிற நாளெல்லாம். பிள்ளை வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, சுற்றி வளைத்துக் கூப்பிடுகிறான் என்று தனக்குத் தானே முடிவு கட்டினாள். கட்டிலைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அடுப்பையும் பாத்திரங்களையும் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவளுக்குக் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாளிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு, "இனிமே பிள்ளை வீட்லதான்" என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய பெட்டியோடு கிளம்பிவிட்டாள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே! அந்தப் பயத்தில்தான் அவள் கேட்கவில்லை.

கப்பல் என்றால் கப்பலா அது? ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் மிதக்க விட்டது போல் இருந்தது. அவளுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. தனியாகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் எல்லாமே இரண்டு இரண்டுதான். இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு தம்ளர். ஒற்றை ஆளாகப் போனாலும் இரண்டு பேர் கட்டணத்தைத்தான் வாங்குவார்கள். அறையைச் சுத்தம் செய்கிற பையன் தினமும் இரண்டு சாக்லேட் வைத்துவிட்டுப் போவான். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைப் பேரப் பிள்ளைகளுக்கென்று கைப்பையில் போட்டு வைத்தாள்.

கப்பலேறும் இடத்தில் ஒரு போட்டோக்காரன் எல்லோரையும் ஜோடி ஜோடியாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்து, "நீங்க ஒருத்தரா மேடம்?" என்றான்.

"பின்னாடி வர்றாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். யார் வருகிறார்கள்? ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்க வேண்டாம் என்பதற்காக அன்றிலிருந்து போட்டோக்காரனைக் கண்டால் வேறு வழியாகப் போனாள்.

சாப்பாட்டுக்கு அவளை ஒரு வட்ட மேஜையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு பெண்மணி இருந்தாள். இதற்கு முன் பல தடவை கப்பலேறியவள், அதனால் மேஜையில் எல்லோரும் அவளை அனுபவசாலி என்றே அழைத்தார்கள். புருஷன் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் அவர் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

"இங்க பாருங்கக்கா, கரையில இறங்கினா போன்ல காட்டுற நேரத்தை நம்பாதீங்க. கப்பல் நேரம் வேற, கரை நேரம் வேற. போன தடவை ஒரு புருஷன் பொண்டாட்டி மாலை வாங்கறேன், மணி வாங்கறேன்னு கடைத்தெருவுல நின்னுட்டாங்க. வந்து பார்த்தா கப்பல் அந்தக் கோடியில போகுது! கப்பல் யாருக்கும் காத்திருக்காதுக்கா, பெத்த அப்பனா இருந்தாலும் சரி."

"இன்னொண்ணு," என்றாள் அனுபவசாலி. "இறங்கறதுக்கு முந்தின ராத்திரி பெட்டியை அறை வாசல்ல வெச்சுடணும், அவங்களே கரைக்குக் கொண்டுபோயிடுவாங்க. ஆனா காலையில உடுத்தறதுக்கு ஒரு துணி எடுத்து வெச்சுக்கணும். இவர் ஒரு தடவை எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டிட்டு, பனியனும் லுங்கியுமா இறங்கினாரு. மானம் கப்பலேறும்னு கேட்டிருக்கோம், எங்களுக்குக் கப்பல்ல இருந்து இறங்கிச்சு!"

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். ஊசியம்மாவும் சிரித்தாள். எத்தனை வருஷம் கழித்து நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்! அந்தச் சிரிப்பின் தெம்பில், மனதில் வைத்திருந்ததைச் சொல்லியும்விட்டாள். "நான் நடுவுலயே இறங்கிடுவேன். என் பிள்ளை அந்த ஊர்லதான் இருக்கான். இனிமே அவன்கூடத்தான்."

"கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க!" என்று அனுபவசாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை கூப்பிடறான்?"

ஊசியம்மா தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் வரவேற்பு மேஜைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அங்கிருந்த பெண் இப்படி ஒரு கோரிக்கையை அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது, மேலே யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். பாதியில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கடைசி நேரத்தில் சொன்னால் நடக்காது, நல்லவேளை நீங்கள் சீக்கிரம் வந்தீர்கள் என்றாள். பெட்டியில் கட்ட ஓர் அட்டை கொடுத்தாள். "பெட்டி துறைமுகக் கொட்டகையில இருக்கும் மேடம். மனசு மாறினா கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி வந்துடுங்க. கடைசி வரைக்கும் அந்த அறை உங்களுதுதான்."

"மனசெல்லாம் மாறாதும்மா" என்றாள் ஊசியம்மா.

அந்த ஊர் வந்தது. எல்லோருக்கும் முந்தி இறங்கி, வெளிவாசலில் போய் நின்றாள். கோட்டைக்குப் போகிற பஸ், கடைத்தெருவுக்குப் போகிற பஸ் என்று கொடி பிடித்துக்கொண்டு வழிகாட்டிகள் கூவினார்கள். கப்பலில் வந்த கூட்டமெல்லாம் ஏறிப் போய்விட்டது. அப்புறம்தான் பிள்ளை வந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கார் பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை.

"பசங்களுக்குப் பரீட்சைம்மா. அவளுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல."

"பரவாயில்லடா. சாயங்காலம் பார்த்துக்கறேன்" என்றாள். அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, வண்டியைக் கிளப்பினான்.

நல்ல பிள்ளைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பெற்ற மனம் பித்து என்று பாதியைச் சொல்லி, பிள்ளை மனம் கல்லு என்று மீதியையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்புக் கடித்து அவள் நொண்டுவதைப் பார்த்ததும், முதல் கடையிலேயே நிறுத்தி, மண்டியிட்டு உட்கார்ந்து மெத்தென்ற செருப்பாகப் பார்த்து அவனே மாட்டிவிட்டான். படி ஏறும்போது முழங்கையைத் தாங்கினான். கோட்டை, மீன் காட்சிச் சாலை, கடைத்தெரு என்று ஒழுங்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தான். கொடி பிடித்த வழிகாட்டிகள் காட்டியதும் அதே கோட்டைதான், அதே மீன்தான். கடைத்தெருவில் அனுபவசாலியைத் தூரத்தில் பார்த்ததும் ஊசியம்மா பெருமையாகக் கையாட்டினாள்.

கடைசியாகக் கலங்கரை விளக்கம் இருக்கிற குன்றின் மேல் காரை ஏற்றினான். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது.

"அதோ பாரும்மா, நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பின்னாடி மூணாவது கட்டடம். நம்ம வீடு."

பார்த்தாள். கூப்பிடு தூரம்தான். மாடியில் யாரோ துணி உலர்த்தியிருந்தது கூடத் தெரிந்தது.

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாமாடா?"

"இங்க இருந்து பார்க்கக் கிட்டதான்மா இருக்கும். வண்டியில போனா வளைஞ்சு வளைஞ்சு ரொம்ப நேரமாயிடும். கப்பல் நேரம் வேற, நம்ம நேரம் வேற. விட்டுட்டா அவ்வளவுதான்."

"விட்டா விட்டுட்டுப் போகுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உயிரையே கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவனும் சிரித்தான். "நீ ஒண்ணும்மா!"

இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." அதற்குள் அவன் போன் அடித்தது. கையால் 'இரும்மா' என்று காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினான். "ஆமா, எல்லாம் நல்லாத்தான் போகுது. ஏத்தி விட்டுட்டு வந்துடறேன். இல்ல இல்ல, வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டு வரல."

போனை வைத்துவிட்டு, "என்னம்மா சொல்ல வந்தே?" என்றான்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குடா" என்றாள்.

கப்பல் கிளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கையிலேயே துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டான். மற்ற பயணிகள் ஒருவர் கூட வந்திருக்கவில்லை. "நீ கிளம்புடா, நான் போய்க்கறேன்" என்று அவனை வாசலோடு அனுப்பிவிடப் பார்த்தாள். அவனா கேட்கிறவன்? உள்ளே வரைக்கும் வந்து விட்டால்தான் மனசு ஆறும் என்று கூடவே வந்தான். கொட்டகை வாசலில் இருந்த சுமைக்காரர் காலையிலேயே அவளோடு பேசியிருந்தார். கண்டதும் எழுந்துவிட்டார்.

"வந்துட்டீங்களாம்மா? இவர்தான் பிள்ளையா? தம்பி, பெட்டி பெருசு. வண்டியைக் கிட்ட கொண்டாங்க, தூக்கி வெச்சுடறேன்."

பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தினார். பிள்ளை பெட்டியைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"என்னம்மா இது?" என்றான், குரலே எழும்பாமல்.

இதுதான் அந்த நேரம். வாயைத் திறந்து, உன்னோடு இருக்க வந்தேன்டா என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அவன் முகத்தில் ஏறியிருந்த பயத்தைப் பார்த்துவிட்டாள். பெற்றவளாயிற்றே, அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வாள்?

"அறையில இடமே இல்லடா, நடக்கறப்பல்லாம் கால்ல இடிச்சுது. அதான் ஒரு நாளைக்கு இங்க வெச்சுக்கச் சொன்னேன். இவர் எதையோ மாத்திப் புரிஞ்சுக்கிட்டாரு."

இந்த உளறலைக் கைக்குழந்தை கூட நம்பாது. சுமைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்லாதேம்மா என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்லட்டும், சொல்லட்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கோபமாகச் சொன்னாலும் சரி. நம்ப மறுத்தால் போதும், அவளுக்கு அது ஆயுசுக்கும் காணும்.

"ஓ, அப்படியா!" என்றான் பிள்ளை. பெரிய மூச்சாக விட்டான். "நான் என்னவோன்னு நினைச்சுட்டேன்மா."

சுமைக்காரரை விடாமல் அவனே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். அதன் கனத்துக்கு இரண்டு இடத்தில் நின்று கை மாற்றிக்கொண்டான். இத்தனை கனமாக இதில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. பயணிகள் மட்டும் என்று போட்டிருந்த கதவு வந்ததும் நின்று, அம்மாவைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

"அடுத்த வருஷமும் போட்டுடறேன்மா. அந்தத் தடவை ஜன்னல் வெச்ச அறையா பார்த்துப் போடறேன். இதே மாதிரி ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம், சரியா?"

"சரிடா."

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு. மறந்துடாதே."

எந்த வீட்டுக்கு என்று அவள் கேட்கவில்லை.

"போடறேன்பா" என்றாள்.