பிள்ளை வீட்டு முற்றத்தில் கட்டிய தோணி

சுப்பையா பிள்ளை தவறிவிட்டார் என்று ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னதும், “ஆத்துலயா?” என்றுதான் கேட்டேன்.

“இல்லீங்க. மக வீட்டுல மதியம் சாப்பிட்டுப் படுத்தவரு, எந்திரிக்கல.”

துக்கத்தோடு நிம்மதியும் வந்தது. தம் வீட்டிலேயே கட்டிய தோணியில் ஆண்டுக்கணக்காக ஆற்றைக் கடந்தவர் அவர். பதுளை பஜாரில் அவரை அறிந்த நாங்களெல்லோரும் அவர் முடிவு தண்ணீரில்தான் என்று பயந்திருந்தோம். அந்தப் பயம் பொய்த்தது.

மளிகைக் கடைக்காரருக்குத் தோணி எதற்கு என்று இப்போது கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய ஒரே மகள் வள்ளியை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். முதல் பிரசவம் வழக்கப்படி தாய் வீட்டில் நடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். இரண்டாவது புகுந்த வீட்டில்தான் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார். மாதமோ கார்த்திகை. முந்தைய மழையில் போன மரப்பாலத்தை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஆறு பெருகிவிட்டால் வள்ளிக்கு ஆஸ்பத்திரி இல்லை.

ரயில் பதுளைக்கு வராத காலம். மலையில் தோணிச் சாமான் யார் விற்பார்? பிள்ளை தேடி அலைந்தார். பழைய வீடு இடித்த இடத்தில் பலாப் பலகைகள் கிடைத்தன. உள்ளே வைக்கும் வளைவுகளுக்குத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கோணல் கொய்யாக் கிளைகளாகப் பார்த்து வெட்டி வந்தார். பலகைகளைச் சேர்த்துத் தைக்கக் கயிறும், இடுக்கை அடைக்கப் பஞ்சும் குங்கிலியமும் கடையிலேயே இருந்தன. ஆசாரி மட்டும் அகப்படவில்லை. கடைசியில் தேயிலைப் பெட்டி அடிப்பவர் ஒருவர் வந்தார். அவருக்குத் தெரிந்தது பெட்டி. தோணியும் பெட்டியாகவே வந்தது.

“என்ன பிள்ளை, இதுல எத்தனை ராத்தல் தேயிலை புடிக்கும்?” என்றார் எதிர்க்கடைக்காரர்.

“நீ ஏறிப் படு. மூடி போட்டு லண்டனுக்கு அனுப்பிப் பாத்துச் சொல்றேன்.”

குளத்தில் இறக்கியபோது, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பாதி நிறைந்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்து மாட்டுவண்டியில் சரக்கு கொண்டுவரும் காசிம், தையலைத் தடவி முகர்ந்து பார்த்தார்.

“என்னத்தப் பூசின, மொதலாளி?”

“குங்கிலியத்த நல்லெண்ணெயில காய்ச்சி.”

“நல்லெண்ணெயா! இது தோணியா, தோசையா? சுறா எண்ணெயில காய்ச்சோணும்.”

பிள்ளையின் வீடு மீன் வாசம் அறியாத சைவ வீடு. அவர் மனைவி மீனாட்சியம்மாள் கொதித்துப் போனார். “சாமி அறைக்கு எதுத்தாப்புல மீன் எண்ணெயா? நான் செத்தப்பறம் செய்யுங்க.” பிள்ளை இன்னொரு பூச்சும் நல்லெண்ணெயிலேயே பூசினார். தோணி மறுபடியும் ஒழுகியது. காசிம் கொண்டுவந்த சுறா எண்ணெய்த் தகரம் வாசலுக்கு வெளியே சாக்கடையோரம் கிடந்தது.

ஐப்பசி மழை விடாமல் பிடித்த ஒரு காலையில் நான் போனேன். முற்றத்தில் அடுப்பு எரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணெயைக் கிண்டிக்கொண்டிருந்தவர் மீனாட்சியம்மாள்.

“சாமி படத்தையெல்லாம் அடுத்த வீட்டுல குடுத்துட்டேன்” என்றார் என்னைப் பார்த்து. “சாமிக்கென்ன, அங்கயும் வெளக்கேத்துவாங்க. எம் மகளுக்கு யாரு இருக்கா?”

கார்த்திகையில் அக்கரையிலிருந்து கூவி அழைத்தார்கள். ஆறு செம்மண்ணாகப் புரண்டது. இரு கரை மரங்களிலும் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்திழுத்தபடி பிள்ளையும் காசிமும் போனார்கள். நடு ஆற்றில் தோணி ஒருமுறை சுற்றி நேரானது. திரும்புகையில் நடுவில் வள்ளி கம்பளி போர்த்திப் படுத்திருந்தாள். தோணி கரை தட்டியதும் மீனாட்சியம்மாள் குனிந்து, மகளுக்கு அடியிலிருந்த பலகையில் கையை வைத்தார்.

“காஞ்சிருக்கு” என்றார். பிறகுதான் அழுதார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம் என்று நர்ஸ் வந்து சொல்லிப்போன பின் பிள்ளை விறாந்தைப் படியில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

“நாளைக்குக் காலையில எந்திரிச்சா, தேடுறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

அவர் விட்டுப்போன தோணி மகள் வீட்டாருக்கு. எனக்கு அந்தச் சிரிப்பு.