மூன்று நாள் காயும் படலம்

காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டிக்குள் முழங்கை வரை கைகளை நுழைத்துவிட்டால் ரவுஷானிடம் யாரும் பேசக் கூடாது. அந்த அல்மாத்தி நகர ஆய்வகத்தில் இயக்குநருக்கும் அதே சட்டம்தான். மின்கலத்தில் திரவத்துக்குப் பதிலாக வைக்கும், லித்தியம் உப்பு கலந்த பிளாஸ்டிக் படலம் அவள் இடுக்கியில் இருக்கும். மற்றவர்கள் வெற்றிட அடுப்பில் ஒரு நாள் காயவைப்பதை அவள் மூன்று நாள் காயவைப்பாள்.

"லித்தியம் தானா நடக்காது. பிளாஸ்டிக் சங்கிலி நெளிஞ்சு எடம் விட்டாத்தான் ஒரு அடி நகரும். ஈரம் இருந்தா எல்லாம் வழுக்கிக்கிட்டு ஓடும். அதப் பாத்து மார்தட்டுறவன் முட்டாள்" என்பாள், பால் தேநீரில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியை முக்கியபடி. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் 'பாலைவனம்'. அது அவளுக்கும் தெரியும். "வெச்சவன் வெளங்க மாட்டான். பேரு என்னவோ பொருத்தமாத்தான் இருக்கு."

இயக்குநரின் பெயர் செரிக்போல். ஒரு படலத்தின் கடத்துதிறனை மாநாட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன். மார்ச் மாதம் ரவுஷான் அதே படலத்தை மூன்று நாள் காயவைத்து அளந்தாள். எண் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. மாநாட்டில் கைதட்டல் வாங்கியது வெறும் ஈரம்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்னத்தப் பண்ணேன் தம்பி? காயவெச்சேன்."

"நாளைக்கு நிதி குடுக்கறவங்க முன்னாடி அளந்து காட்டணும். பழைய எண் வரலைன்னா இழுத்து மூடிருவாங்க. பதினோரு பேரும் நடுத்தெருவுலதான். அதுல நம்ம ஜனாருக்கு இது ஏழாம் மாசம்."

"அப்ப பொய்ய அளக்கச் சொல்ற."

"உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குக்கா தெரியப்போகுது?"

அவள் அவனைத் திட்டவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு பொட்டு ஈரத்தை உள்ளே விடாதவளுக்கு நெஞ்செல்லாம் கசந்தது. தனக்குத் தெரியும் என்பதை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் நிதி கொடுப்பவர்கள் காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வயிற்றைத் தாங்கியபடி ஜனார் அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். ரவுஷான் படலத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். மூக்குக்கண்ணாடி துடைப்பவளைப் போல அதை வாயருகே பிடித்து, ஒருமுறை, இன்னொரு முறை, ஆவி படிய நிதானமாக ஊதினாள்.