வேலிக்கு அந்தப் பக்கத்து இரைச்சல்

போன வருடம் மாரி மழை முடிந்த கையோடு, சுன்னாகத்தில் நடந்தது இது. நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை; பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை. கனடாவிலிருந்து வந்த அண்ணை பற்றறியில் ஓடும் ஒரு சின்னச் சிற்றலை வானொலியைத் தந்து, "இதிலை உலகம் முழுக்கக் கேக்கலாம்" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூரையிலிருந்து மாமரம் வரை செப்புக் கம்பி இழுத்துக் கட்டினேன். ஆனால், மாலையில் எந்தப் பக்கம் திருகினாலும் ஒரே இரைச்சல். "உது றேடியோவோ, தோசைச் சட்டியோ?" என்று என் கணவர் நக்கலடிப்பார். கம்பியைக் கழற்றி உடுப்புக் காயப்போடலாம் என்றே முடிவெடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாலை கறண்ட் போனது. இரைச்சலும் சட்டென்று நின்றது. ஒரு பெண் ஏதோ மொழியில் நிதானமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை; ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கறண்ட் வந்ததும் அவளைத் தோசைச் சட்டி விழுங்கிவிட்டது.

அடுத்த நாள் மாலை எங்கள் வீட்டு மெயின் சுவிச்சையே நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் அசையவில்லை. வானொலியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றினேன். வேலியை நெருங்க நெருங்கக் கூடியது. பக்கத்து வீட்டு வாசற்படலையில் புதிதாகப் பொருத்திய லைற்றுக்கு நேரே உச்சத்தில் இரைந்தது; அதுதான் காரணம். போயும் போயும் அந்த வீடா என்று எனக்கு அழுகையே வந்தது. வேலிக்குக் கதியால் தடிகள் நட்டபோது எல்லை ஒரு சாண் தள்ளிப்போய்விட்டது என்று தொடங்கிய சண்டையில், அந்த வீட்டு அக்காவும் நானும் பல வருடமாக முகம் பார்ப்பதில்லை.

போவதா விடுவதா என்று மனம் அடித்துக்கொண்டது. வானொலியில் கேட்ட அந்தப் பெண்ணின் குரல்தான் என்னைப் படலை வரை தள்ளியது.

"அக்கா, உங்கடை லைற்றாலை என்ரை றேடியோ இரையுது" என்றேன். சண்டைக்கு வந்ததுபோலவே இருந்திருக்கும். அவர் இடுப்பில் கை வைத்தார்.

"ஏன், இப்ப எங்கடை வெளிச்சமும் உங்கடை காணிக்குள்ளை வருதோ?"

நான் வானொலியை நீட்டினேன். அது சொய்யென்று இரைந்தது. அவர் நம்பாமலே போய் லைற்றை அணைத்தார். இரைச்சல் விலகி ஒரு ஆணின் பாட்டு வந்தது.

"ஆர் இது பாடுறது?"

"தெரியாதக்கா. எந்த நாடெண்டும் விளங்கேல்லை."

"விளங்காமலே கேக்கிறீரோ?" என்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாட்டு முடியும் வரை படலைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். "பின்னேரத்திலை கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைக்கிறன், கேளும்" என்றார்.

இப்போது அந்தப் படலை இருண்டதும் நான் வானொலியைத் திறப்பேன். சில நாட்களில் அவரும் வேலியோரம் வந்து, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்" என்பார். அந்த ஒரு சாண் நிலம் யாருடையது என்பது இன்னும் தீரவில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதுமில்லை. தூர தேசத்துக் குரல் கேட்க ஆசைப்பட்ட எனக்கு, இத்தனை வருடம் பக்கத்திலிருந்தும் கேட்காமல் போன ஒரு குரலும் கிடைத்திருக்கிறது. அந்த லைற் அணையும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடுகிறது.