சூசைக்கு ஊற்றிய தண்ணீர்

வாவியில் இறால் வலையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மனைவிக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. மாதம் நிறையாமல் பிறந்த எங்கள் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பிழைக்க மாட்டான் என்று டொக்டர் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு கழுவியும் கையில் இறால் மணம் போகவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் தாதி ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, உங்கட கோயில் சுவாமி வந்து சேர நேரம் காணாது. அவசரத்துக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம் எண்டு உங்கட ஆக்கள் சொல்றவங்க. நீங்களே ஊத்துங்க."

"நான் பூசைக்கே ஒழுங்காப் போறல்ல, மிஸ்."

"நீங்கதானே தகப்பன்" என்றார்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துத் தந்தார். பெயர்கூட நாங்கள் யோசித்திருக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில் சூசையப்பர் கோயில். வாயில் அதுதான் வந்தது.

"சூசை, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

தலையில் தண்ணீர் பட்டதும் அவன் கண்ணைச் சுருக்கினான். பின்னேரம் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து வந்தபோது மனைவி கேட்டாள்: "என்ன பேர் வச்சீங்க?" சொன்னேன். அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

பிள்ளையை வளர்க்கத்தான் கடவுள் ஒருவனைத் தகப்பனாக அழைக்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னை அழைத்தது அந்த ஒரு சிரிஞ்ச் தண்ணீருக்கு.

எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஒரு மகன், பெயர் சூசை என்கிறேன். என்ன வயது என்று அடுத்த கேள்வி வரும். அப்போது வலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.